நான் வைத்த ஏழு கற்கள்

வெந்நீர் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். எங்கள் மலை உயரத்தில் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும், ஆனால் கொதித்த தண்ணீரில் போதிய சூடு இருக்காது. உருளைக்கிழங்கு வேகவே ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். அதனால் அடுப்பில் எப்போதும் கெட்டில் இருக்க வேண்டும். கூடையில் காய்ந்த சாணம் நிறைந்திருக்க வேண்டும். ஆணியில் இரண்டு பிளாஸ்டிக் பாட்டில்கள், கம்பளிக் காலுறை மாட்டியபடி தொங்க வேண்டும். குளிரில் விறைத்துப்போனவரைக் கொண்டுவந்தால் முதலில் அக்குளில் வைக்க வேண்டியது அந்தப் பாட்டில்களைத்தான். கையையும் காலையும் தேய்க்கக் கூடாது. இதைப் பத்தொன்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்னமும் தேய்க்கிறார்கள்.

டாக்டரம்மா, நேற்று நீங்கள் விசில் சத்தத்தைப் பற்றி மட்டும்தான் கேட்டீர்கள். கற்களைப் பற்றிக் கேட்கவில்லை. உங்கள் தட்டச்சுக்காரர் வேறு, நான் தொடை என்று சொன்னதைக் கால் என்று அடித்து வைத்திருக்கிறார். அரைகுறையாக எழுதிய சீட்டைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். அதனால் காகிதம் கேட்டு வாங்கி நானே எழுதுகிறேன். நீங்கள் அரசு வக்கீல். நம் ஊரில் வக்கீலுக்கும் டாக்டர் பட்டம் கொடுத்துவிடுகிறோம், அதனால்தான் உங்களை டாக்டரம்மா என்கிறேன். என்னையும் மலையில் எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் டாக்டர் இல்லை. இரண்டு வருடம் படித்த சுகாதாரப் பணியாளன். பெயர் எடில்பெர்தோ தாரசோனா, வயது ஐம்பத்து மூன்று.

என் சுகாதார நிலையம் யானாகாகா கணவாய்க்குக் கீழே இருக்கிறது. ஒரே கல் அறை, தகரக் கூரை, இரண்டு கட்டில். இந்தப் பக்கம் பாச்சா ஊர், கணவாய்க்கு அந்தப் பக்கம் கொல்பா. சந்தைக்குப் போகிறவர்கள், கோவேறு கழுதையில் சுமை ஏற்றிப் போகிறவர்கள், சுரங்கத்து ஆட்கள் எல்லோரும் என் வாசலைத் தாண்டித்தான் ஏற வேண்டும். அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு அரை நாள் இறங்கினால்தான் சாலை வரும். அங்கிருந்து லாரியில் ஐந்து மணி நேரம் போனால் ஆஸ்பத்திரி. ஆகவே என் கையில் பிழைத்தவர்தான் ஆஸ்பத்திரியின் வாசலையே பார்ப்பார்.

ஆறு வருடத்துக்கு முன் மாகாண அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. வருடத்துக்கு நான்கு பேருக்குத்தான் பெரிய அடி படுகிறது, ஆகவே நிலையத்தை மூடுகிறோம், நீங்கள் நகரத்துக்கு வந்து தடுப்பூசிக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார்கள். அதாவது, குளிர்ப்பெட்டிக்குக் காவல். எனக்கு அவமானமாக இருந்தது. என்னை அங்கே யார் டாக்டர் என்று கூப்பிடப் போகிறார்கள்? பனிமூட்டத்தில் வழி தவறி ஒருவர் விழுந்தால் இங்கே யார் தூக்கப் போகிறார்கள்? பதினைந்து மனு போட்டேன். பதில் இல்லை.

எங்கள் கணவாயில், பாதை திரும்பும் இடத்தில் ஒரு கல்குவியல் உண்டு. அபச்செதா என்போம். நீங்கள் கடற்கரையில் வளர்ந்தவர், அதனால் சொல்கிறேன். மேலே ஏறி வருகிறவர் ஒரு கல்லைக் கொண்டுவந்து, தன் களைப்பை அதில் இறக்கி, அங்கே வைத்துவிட்டுப் போவார். மூன்று கோக்கா இலை வைத்து மலையிடம் வழி கேட்பார். கல்லை வைப்பாரே தவிர எடுக்க மாட்டார். எங்கள் பக்கம் பிறந்த எவரும் எடுக்க மாட்டார். மூட்டம் இறங்கிப் பாதை மறைந்துவிட்டால் அந்தக் குவியலைக் குறிவைத்து நடந்து, அதைத் தொட்டு, வலது பக்கம் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் எங்கள் வழிகாட்டி.

கடிதம் வந்த மாதத்தில் ஒரு நில அதிர்வு வந்து அந்தக் குவியல் சரிந்தது. கொல்பாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஆசிரியை ஓஃபேலியா மூட்டத்தில் குவியலைக் காணாமல் இடது பக்கம் போய் ஓடைப் பள்ளத்தில் விழுந்தார். தொடை எலும்பு முறிந்திருந்தது. அவருடைய கைத்தடியையும் என் இடுப்புக் கச்சையையும் வைத்துக் காலை இழுத்துக் கட்டி, பாட்டில்களை அக்குளில் வைத்து, போர்வையைச் சுற்றிக் கீழே கொண்டுவந்தேன். பிழைத்துக்கொண்டார். ஆசிரியை அல்லவா, சும்மா இருப்பாரா? மாகாண வானொலியில் போய்ப் பேசினார். அலுவலகம் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு ஒரு ஸ்ட்ரெச்சரும் ஆக்சிஜன் சிலிண்டரும் அனுப்பியது. என் பதினைந்து மனுக்கள் செய்யாத வேலையை ஓர் ஆசிரியையின் தொடை எலும்பு செய்துவிட்டது. இதை நான் கேலியாக எழுதவில்லை. அன்றைக்கு எனக்குத் தோன்றியதை எழுதுகிறேன்.

சரிந்த குவியலை அப்போது நானே சரியாக எடுத்துக் கட்டினேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருடம் கழித்து அதே கடிதம் மறுபடியும் வந்தது. தேதி மட்டும்தான் வேறு. மறுநாள் காலையில் கணவாய்க்கு ஏறினேன். வெயில் நன்றாக இருந்தது. குவியலைக் கலைத்து, இன்னொரு அதிர்வில் சரிந்ததுபோலக் கற்களைப் பரப்பிவிட்டேன். அவற்றில் ஏழு கற்களை மட்டும் எடுத்துக்கொண்டு இடது பக்கம் நாற்பது தப்படி போய், பள்ளத்துக்கு மேலே ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன். மூன்று கோக்கா இலையும் வைத்தேன். பிறகு பள்ளத்தில் இறங்கினேன். மூன்று ஆள் ஆழம், கயிறு விட்டு அளந்தேன். கீழே கூரான பாறைகள் கிடந்தன. அவற்றையெல்லாம் உருட்டி ஓரமாக ஒதுக்கிவிட்டு, சரளையைக் காலால் பரப்பிவிட்டேன். விழுகிறவருக்கு எலும்பு முறியலாம், உயிர் போகக் கூடாது. இந்த வேலைக்கு எனக்கு ஒரு பகல் முழுவதும் ஆயிற்று. அதைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள் என்பதால் நானே சொல்கிறேன்.

நான் வைத்தது ஏழு கற்கள்தான். மற்றதையெல்லாம் வைத்தது ஊர். தெளிவான நாளில் பாதை கண்ணுக்குத் தெரியும், யாரும் வழி தவறமாட்டார்கள். பழைய குவியல் அதிர்வில் போய்விட்டது, யாரோ புண்ணியவான் புதிதாக ஆரம்பித்திருக்கிறார் என்று நினைத்து, நாற்பது தப்படி விலகிப் போய் ஆளுக்கொரு கல் வைத்துவிட்டு வந்தார்கள். யாராவது விழுந்தால் மலைக்குப் பசி என்றார்கள். பசியைத் தீர்க்க இன்னும் கல், இன்னும் இலை, சில சமயம் ஒரு குவளைச் சோளக் கள். ஒவ்வொரு விபத்துக்கும் குவியல் ஒரு முழம் வளர்ந்தது. உயரமானால் மூட்டத்திலும் தூரத்திலிருந்தே தெரியும். கடைசியில் அது என்னைவிட உயரமாகிவிட்டது. நானே நினைத்தாலும் அதை நிறுத்தியிருக்க முடியாது.

விழுந்தவர்களை நான் அப்படியே விட்டதில்லை. மூட்டம் இறங்கும் அறிகுறி தெரிந்தால் பாட்டிலை நிரப்பி, பூட்ஸ் கயிற்றைக் கட்டி, பையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். கூப்பாடு கேட்டாலோ ஆள் வந்து சொன்னாலோ இருபது நிமிடத்தில் பள்ளத்தில் இருப்பேன். நகரத்தில்கூட ஆம்புலன்ஸ் அவ்வளவு சீக்கிரம் வராது.

அபுந்தியோவை உங்களுக்குத் தெரியும், எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்தவர். கழுதைக்காரர். அன்றைக்கு அவர் கழுதையோடு சேர்ந்து விழுந்தார். கழுதை அவர் கால்மேல் கிடந்தது. முழங்காலுக்குக் கீழே ரத்தம் பீறிட்டுக்கொண்டிருந்தது. அவருடைய கச்சையைத் தொடையில் சுற்றி, மரக்கரண்டியைச் செருகி, ரத்தம் நிற்கும்வரை முறுக்கினேன். முறுக்கிய நேரத்தைப் பேனாவால் அவர் நெற்றியிலேயே எழுதினேன். ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு அது தெரிய வேண்டும். அவர் அழவில்லை. கழுதையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரமாட்டேன்னு அடம் பிடிச்சுது டாக்டர். நாலு காலையும் ஊணிக்கிட்டு நின்னுது. நான்தான் அடிச்சு இழுத்தேன்."

"ஏன் இழுத்தீங்க?"

"குவியல் கண்ணுக்குத் தெரிஞ்சுதே. கழுதை பேச்சைக் கேக்கறதா, அபச்செதாவை நம்பறதா?"

அபுந்தியோவின் கால் போனது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவே பதினோரு மணி நேரம் ஆயிற்று. கால் போனதற்குக் காரணம் சாலை, நான் இல்லை. உயிர் இருந்தது. அடுத்த வருடம் அவர் மகனுக்கு முதல் முடி வெட்டும் சடங்கில் கத்தரிக்கோலை என் கையில் கொடுத்து என்னை ஞானத்தகப்பனாக்கினார். அதிலிருந்து என்னை கொம்பாத்ரே என்று உறவு சொல்லித்தான் கூப்பிடுவார். விருந்தில் ஒரே சிரிப்பு.

"மூட்டத்துல என் சொந்தப் பொண்டாட்டியையே எனக்கு அடையாளம் தெரியாது. டாக்டர் மட்டும் எப்பிடிய்யா நேரா வந்து நிக்கிறாரு?" என்றார் ஒரு கழுதைக்காரர்.

"அவருக்கு நாய் மூக்கு," என்றார் அபுந்தியோ.

"நாய்க்கு ஒரு எலும்பு போட்டாப் போதும். இவருக்கு முறிஞ்ச எலும்பா வேணும்."

நானும் சிரித்தேன். உண்மையைச் சொன்னால், அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். எனக்கு ஒன்பது ஞானப் பிள்ளைகள். ஒரே ஒரு முட்டைக்காரர் மட்டும் என் கையில் இறந்தார். அவருக்கு ஏற்கெனவே இதயம் சரியில்லை. கடிதம் மறுபடி வரவில்லை. ஆட்கள் அதிகம் விழுகிறார்கள் என்று சொல்லி, போன வருடம் ஒரு நர்ஸையும் அனுப்பிவைத்தார்கள்.

அவள்தான் நில்தா. வயது இருபத்தாறு, கொல்பாவில் பிறந்தவள், கடற்கரை நகரத்தில் படித்தவள். கை சுத்தம். அவள் ஊசி போட்டால் குழந்தைக்குக்கூட வலி தெரியாது. அவள் வந்த அன்றே அவள் கழுத்தில் நான் ஒரு விசிலை மாட்டினேன். மேலே தனியாகப் போய் ஆபத்தில் மாட்டினால் மூன்று தடவை ஊத வேண்டும், ஒரு நிமிடம் விட்டு மறுபடி மூன்று. அது நிலையத்தின் விதி, நான் எழுதியது. அவளை எனக்குப் பிடித்திருந்தது. மகள் இருந்திருந்தால் இப்படித்தான் இருந்திருப்பாள் என்று நினைத்ததுண்டு. அவள் சுண்டவைக்கும் முஞ்ஞா இலைத் தேநீர் மாதிரி நான் வேறெங்கும் குடித்ததில்லை.

போன மாதம் வில்மர் என்ற சுரங்க ஆள் விழுந்தார். செய்தி கொண்டுவந்தவர் வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு, "டாக்டர், ஒருத்தன் விழுந்துட்டான்," என்று சொல்லி முடிப்பதற்குள் நான் பையோடு வெளியே போய்விட்டேன். நில்தா என் பின்னால் ஓடிவந்தாள். வில்மருக்கு இடுப்பெலும்பு உடைந்திருந்தது. போர்வையால் இடுப்பை இறுக்கிக் கட்டி, அலுங்காமல் தூக்கிவந்தோம். நல்ல வேலை. அன்றைக்குச் சாயங்காலம் அவள் பாட்டில்களைக் கழுவிக்கொண்டே கேட்டாள். அவள் மட்டும் என்னை டாக்டர் என்று சொல்லாமல் மரியாதைக்கு டான் என்பாள்.

"டான் எடில்பெர்தோ, எங்க விழுந்தாங்கன்னு நீங்க கேக்கவே இல்லையே."

"எல்லாரும் அங்கதானே மகளே விழறாங்க."

"அந்தப் பக்கம் பாதையே இல்லை. எதுக்கு எல்லாரும் அங்க போறாங்க?"

"மூட்டம்."

"நான் சின்னப் பிள்ளையா எங்க அப்பாவோட வந்தப்ப குவியல் இந்த இடத்துல இல்லை. வலது பக்கம் திரும்பற முனையில இருந்துது. நான் அங்க கல்லு வெச்சிருக்கேன்." கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்தாள். "இப்ப இருக்கிற குவியல்ல முதல் கல்லை வெச்சது யாரு?"

நான் அடுப்பில் சாணம் போட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பொய் சொல்லவில்லை. கெட்டிலை நிரப்பி அடுப்பில் வைத்தேன்.

நான்கு நாள் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஐந்தாம் நாள், செவ்வாய்க்கிழமை காலையில், பூட்ஸ் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இடுப்பில் கோக்கா இலைப் பை இருந்தது.

"எங்க?"

"மேல. குவியலைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய் வெச்சிடறேன். யார்கிட்டயும் நான் சொல்லப் போறதில்லை. கல்லு இடம் மாறிட்டா இதோட முடிஞ்சுது. உங்களுக்கும் சேர்த்துத்தான் செய்யறேன்."

"அது ஊர் வெச்ச கல்லு. அதுல கை வைக்கலாமா?"

"ஒவ்வொண்ணா மன்னிப்புக் கேட்டுத்தான் எடுப்பேன். மூட்டம் வருமா?"

அடுப்புப் புகை மேலே எழாமல் தரையோடு படுத்திருந்தது. எதிர்ச் சரிவில் லாமாக்கள் எல்லாம் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. பத்தொன்பது வருடம் பார்த்த எனக்கு இரண்டு மணி நேரத்தில் என்ன வரும் என்று தெரியாதா?

"மதியம் வரைக்கும் தெளிவாத்தான் இருக்கும்," என்றேன்.

அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் என்று நீங்கள் கேட்பீர்கள். ஜனவரியில் அலுவலகத்திலிருந்து பார்வையிட வருவதாக இருந்தது. குவியல் பழைய இடத்துக்குப் போனால் யாரும் விழமாட்டார்கள். யாரும் விழாவிட்டால் நிலையம் இருக்காது. நிலையம் இல்லாத மலையில் ஒருநாள் உண்மையாகவே ஒருவர் விழுவார், அவரைத் தூக்க ஆள் இருக்காது. அந்த ஒருவருக்காகத்தான் நான் யோசித்தேன்.

நில்தா கடற்கரையில் பிறந்திருந்தால் பிழைத்திருப்பாள். குவியலை ஐந்து நிமிடத்தில் காலால் உதைத்துப் பள்ளத்தில் தள்ளிவிட்டுக் கீழே வந்திருப்பாள். ஆனால் அவள் கொல்பாக்காரி. அந்தக் கற்களில் யார் யாருடையவோ களைப்பு இருக்கிறது, யார் யாருடையவோ வேண்டுதல் இருக்கிறது. அவற்றை எறிய அவளுக்குக் கை வராது. ஒவ்வொரு கல்லாகக் கையில் ஏந்தி நாற்பது தப்படி நடந்து, பழைய இடத்தில் வைத்து, திரும்ப வந்து அடுத்ததை எடுத்திருக்கிறாள். பள்ளத்தின் விளிம்பிலேயே போவதும் வருவதுமாக. அவள் அப்படித்தான் செய்வாள் என்று எனக்குத் தெரியும். என்ன இருந்தாலும் அவளை நான் ஒரு வருடம் பக்கத்தில் வைத்திருந்தேன்.

பத்து மணிக்கு மூட்டம் இறங்கியது. பதினொன்றாக ஐந்து நிமிடம் இருந்தபோது விசில் கேட்டது. மூன்று தடவை. ஒரு நிமிடம் கழித்து மறுபடி மூன்று. ஒழுங்காக, நான் சொல்லிக்கொடுத்தபடியே. நேற்று நீங்கள் கேட்டதற்கு, காற்று சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று சொன்னேன். அது தவறு, திருத்திக்கொள்ளுங்கள். நன்றாகக் கேட்டது. நான் பூட்ஸ் கட்டித்தான் உட்கார்ந்திருந்தேன். பை முதுகில்தான் இருந்தது.

நிலைய விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது. மூட்டத்தில் பணியாளர் தனியாக வெளியே போகக் கூடாது, செய்தி கொண்டுவருபவர் துணையோடுதான் போக வேண்டும். அதை எழுதியது அலுவலகம். இத்தனை வருடத்தில் ஒருநாளும் நான் அதை மதித்ததில்லை. அன்றைக்கு மதித்தேன்.

விசில் நாற்பத்தைந்து நிமிடம் கேட்டது. பிறகு மூன்று இரண்டாயிற்று. பிறகு எப்போதாவது ஒன்று. இடையில் பாட்டில் தண்ணீர் ஆறிப்போனது. கொட்டிவிட்டு வேறு நிரப்பினேன். மூன்று தடவை மாற்றினேன். பன்னிரண்டரைக்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை.

இரண்டு மணிக்கு கொல்பாவிலிருந்து வந்த கழுதைக்காரர்கள் மூச்சிரைக்க ஓடிவந்தார்கள். "டாக்டர், நில்தாம்மா விழுந்துட்டாங்க."

"எங்கே?" என்று கேட்டேன்.

தொடை எலும்பு முறிந்து உள்ளுக்குள் ரத்தம் போயிருந்தது, அதோடு குளிர். ஓஃபேலியாவுக்கு வந்த அதே அடிதான். ஒரு கைத்தடி, ஒரு கச்சை, இருபது நிமிட நடை, இவ்வளவு இருந்தால் போதும், அவள் சாக வேண்டிய அடி இல்லை. அவள் உதட்டில் விசில் ஒட்டிக்கொண்டிருந்தது. பழைய இடத்தில் பத்தொன்பது கற்கள் அடுக்கியிருந்ததாகச் சொன்னார்கள். மேலே மூன்று கோக்கா இலை இருந்ததாம்.

அவள் மேலே போவதற்கு முதல்நாள் அபுந்தியோ வீட்டுக்குப் போய், குவியல் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, அதனால் மாற்றப் போகிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். யார் வைத்தது என்று சொல்லவில்லை. யார்கிட்டயும் சொல்லப் போறதில்லை என்றாள் அல்லவா, அந்த வார்த்தையைக் காப்பாற்றிவிட்டாள். மிச்சத்தை அபுந்தியோ தானே யோசித்துக் கண்டுபிடித்திருக்கிறார். கழுதை அடம் பிடித்தது அவருக்கு நினைவு வந்திருக்கும். நேற்று உங்கள் வராந்தாவில் என்னைக் கடந்து போனபோது அவர் என்னை கொம்பாத்ரே என்று கூப்பிடவில்லை. எனக்கு அது வலித்தது. அந்தக் காலைக் கட்டியது நான்தானே?

பணியில் இருக்கும்போது ஒரு நர்ஸ் இறந்துவிட்டாள் என்பதால் அலுவலகம் இப்போது நிலையத்தை நிரந்தரமாக்கிவிட்டது. நிஜமான டாக்டர் ஒருவர் வருகிறாராம். வாசலில் நில்தாவின் பெயரை எழுதப் போகிறார்களாம். நான் கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. அதைப் பெற்றுத் தந்தது அவள்தான் என்று தெரிந்த ஒரே ஆள் நான். அவளுக்கு நான் நன்றியுள்ளவனாக இருக்கிறேன்.

குவியலை இடம் மாற்றியது நான். மூட்டம் வராது என்று சொன்னது நான். விசிலைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தது நான். இவை மூன்றையும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் உங்கள் தட்டச்சுக்காரரிடம் சொல்லுங்கள். நோயாளியைக் கவனிக்காமல் விட்டதாக ஒரு வரி அடித்திருக்கிறார், அதை எடுத்துவிட வேண்டும். நில்தாவை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்து கட்டிலில் கிடத்தியபோது அந்த இரண்டு பாட்டில்களும் நல்ல சூட்டோடு இருந்தன. நான்தான் அவற்றை அவள் அக்குளில் வைத்தேன். அவள் கையையும் காலையும் தேய்க்க யாரையும் விடவில்லை.